லங்காவியிலிருந்து காலிக்கு: நெடுங்கடல் பயணத்துக்குப் பாய்மரப் படகைத் தயார் செய்வது எப்படி?

மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதிலேயே இலங்கையின் காலித் துறைமுகம்வரை போவதென்று நானும் மச்சானும் முடிவெடுத்தோம். கைக்குக் கிடைத்த கையேடுகள் பெரும்பாலும் அட்லாண்டிக்கைக் கடப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பக்கத்துக் கடலுக்கு எந்த மாதத்தில் எந்த வேலை, எந்த அலுவலகத்தில் எந்தத் தாள், எதற்கு எவ்வளவு செலவு என்பதையெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்டு, அலைந்து, காத்திருந்துதான் தெரிந்துகொண்டோம். அடுத்துக் கிளம்புபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கரையோரம் படகு ஓட்டிப் பழகியவர், 35 முதல் 40 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு, இரண்டு அல்லது மூன்று பேர். இந்தக் கணக்கை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். பாய் ஏற்றுவது எப்படி என்பது இதில் இருக்காது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். புறப்படும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வேலைகளை அடுக்குங்கள். அப்புறம், படகில் இருக்கும் எதையும் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விற்றவர் சொன்னதால் நம்பாதீர்கள். கரையில் இருக்கும்போதே கழற்றி, திறந்து, கண்ணால் பாருங்கள். நெடுங்கடலில் படகுகளைக் கைவிட வைப்பது பெரும்பாலும் பெரும் புயல் இல்லை. பல ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காத ஒரு வால்வு, ஒரு கம்பி, ஒரு சுக்கான் தண்டு.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

லங்காவியிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல் என்றால் ஒரு நாளைக்கு 120 மைல், மொத்தம் 10 நாள். காற்று விழுந்தால் இரண்டு மூன்று நாள் கூடும்.

இந்தப் பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். வாடைக்காற்று, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று, அப்போது நிலைபெற்றிருக்கும். மேற்கே போகும் படகுக்கு அது வலப்பக்கப் பின்புறத்திலிருந்து வீசும். இதைவிட வசதியான காற்று கிடையாது. மார்ச் கடைசிக்குள் அது தளர்ந்துவிடும். வங்காள விரிகுடாவில் புயல்கள் அதிகம் உருவாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், மறுபடி ஏப்ரல், மே மாதங்களிலும். ஆகவே 'டிசம்பர் தொடக்கத்திலேயே எல்லாம் தயார், கிளம்பிவிடலாம்' என்ற அவசரமும் வேண்டாம், 'ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற தள்ளிப்போடலும் வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லங்காவியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும். ஃபைபர் ஒட்டு வேலை, எப்பாக்சி, அடிப்பகுதி பெயிண்ட் எல்லாவற்றுக்கும் ஈரமில்லாத நாட்கள் தேவை. அந்த இரண்டு மாதங்களில் படகைக் கரையேற்றினால், வேலை நடக்காமலேயே யார்டுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். பெரிய ரிப்பேர் இருந்தால் ஆண்டின் நடுவிலேயே முடித்துவிடுங்கள். மழை மாதங்களில் எஞ்சின், வயரிங் போன்ற உள்வேலைகளைச் செய்யுங்கள். பாசி, கொட்டலசு பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயிண்டை மட்டும் டிசம்பரில் ஒரு குறுகிய கரையேற்றத்தில் முடிக்கலாம். யார்டில் இடம் பிடிக்கப் பல வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். ஆண்டு இறுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.

2. வாங்கும் முன் சர்வே

படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ சொல்லும் ஆள் வேண்டாம். படகு தண்ணீரை விட்டு மேலே தூக்கப்பட்ட நிலையில் சர்வே நடக்க வேண்டும். கட்டணம் பொதுவாகப் படகின் நீளத்தை வைத்து, அடிக்கு இவ்வளவு என்று இருக்கும். தூக்கி இறக்கும் செலவு தனி, அதுவும் வாங்குபவர் தலையில்தான். அந்த அறிக்கைதான் பிறகு காப்பீட்டுக்கும் அடிப்படை.

சர்வேயரிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி: படகு எப்போதாவது தரைதட்டியிருக்கிறதா, கீல் உடலோடு சேரும் இடத்தில் அதன் அடையாளம் இருக்கிறதா? கீல் என்பது படகின் அடியில் தொங்கும் எடை. அது கழன்றால் படகு நொடிகளில் கவிழ்ந்துவிடும். 2014 மே மாதத்தில் ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய 'சீக்கி ரஃபிக்கி' என்ற 40 அடி படகு நடு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நால்வர் இறந்தார்கள். அந்தப் படகு முன்பு தரைதட்டியதையும், அடிக்கட்டமைப்பில் செய்யப்பட்டிருந்த பழுதுபார்ப்பையும் விசாரணை அறிக்கை கவனத்தோடு பேசியது. உட்புறத் தரைப்பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துரு, வெடிப்பு, புதிதாகப் பூசிய பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இடமெல்லாம் அழுக்காக இருக்க, அங்கே மட்டும் பளிச்சென்று பெயிண்ட் இருந்தால் காரணம் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி: படகின் விலையில் பாதியளவு தொகையைத் தனியாக ஒதுக்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. 40,000 டாலர் கையில் இருந்தால் 40,000 டாலர் படகைப் பார்க்கப் போகக் கூடாது.

3. உரிமைத் தாள்களும் கொடியும்

இதில்தான் நாட்கள் போகும். பணம் கைமாறும் அன்றே இவையெல்லாம் மூலப் பிரதியாக உங்கள் கையில் இருக்க வேண்டும்:

– விற்பனைப் பத்திரம். நோட்டரி முத்திரையோடு இருந்தால் நல்லது. படகின் உடல் எண், எஞ்சின் எண் இரண்டும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று படகிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.
– பழைய பதிவுச் சான்றிதழும், அந்த நாட்டுப் பதிவிலிருந்து படகு நீக்கப்பட்டதற்கான சான்றும். இரண்டாவது இல்லாமல் புதிய நாட்டில் பதிவு நகராது.
– கடன், அடமானம் எதுவும் இல்லை என்ற எழுத்து உறுதி.
– வரி கட்டிய ரசீதுகள். லங்காவி தீர்வையில்லாத் தீவு. அங்கே வாங்கிய படகை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நிரந்தரமாக வைத்தால் அங்கத்திய வரி வரும் என்பதை மறக்காதீர்கள்.

கொடி, அதாவது படகு பதிவாகியிருக்கும் நாடு, மாறினால் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் மாறும். இது ஒன்பது இலக்க வானொலி அடையாள எண். வானொலியில் உதவி கேட்டு நீங்கள் அழுத்தும் பொத்தான் இந்த எண்ணைத்தான் அனுப்பும். பலர் புதிய எண்ணை வாங்கிவிட்டு, கருவிகளில் பழைய எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் ஆபத்து நேரத்தில் மீட்பு மையம் பழைய முதலாளிக்கு ஃபோன் செய்யும். வி.எச்.எஃப். வானொலி, படகின் அடையாளத்தையும் இடத்தையும் மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ்., ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் ஈபர்ப் ஆகிய மூன்றிலும் மாற்ற வேண்டும். ஏ.ஐ.எஸ். கருவிகள் பலவற்றில் இந்த எண்ணைப் பயனர் ஒரே ஒரு முறைதான் பதிய முடியும். அதன் பிறகு விற்பனையாளரிடம் அனுப்பித்தான் மாற்ற வேண்டும். ஈபர்ப்பையும் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஆள்தான் மாற்றுவார். எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும், ஆகவே சர்வே முடிந்த உடனேயே தொடங்குங்கள்.

காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். படகின் வயது, பாய்மரக் கம்பிகளின் வயது, படகில் எத்தனை பேர், அவர்களின் அனுபவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இருவர் மட்டும் போகும் நெடும்பயணத்துக்குச் சில நிறுவனங்கள் காப்பீடு தர மறுக்கும். புறப்படும் வாரத்தில் போய்க் கேட்டால் மூன்றாவது ஆளைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

4. கரையேற்றியதும் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு படகின் அடியிலும் தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் துளைகள் இருக்கும். எஞ்சின் குளிர்நீர், கழிப்பறை, சமையல் தொட்டி என்று பத்துக்கு மேலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீகாக் வால்வு. அது உடைந்தால் கடல் உள்ளே வரும்.

கல்யாண வீட்டில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வால்வையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல வெண்கலம் கணீரென்று ஒலிக்கும். பித்தளையில் செய்த மலிவு வால்வு என்றால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, எஞ்சிய செம்பு இளஞ்சிவப்பாக, நுண்துளைகளோடு நிற்கும். அதைத் தட்டினால் மந்தமான ஓசைதான் வரும். எங்கள் படகின் கழிப்பறை வால்வு வெளிப்பார்வைக்குப் பச்சைப் பூச்சோடு திடமாகத்தான் தெரிந்தது. யார்டு மெக்கானிக் குழாய்ச் சாவியை மாட்டி மெல்லத் திருப்பியதும் கழுத்துப் பகுதி பிஸ்கட் நிறத்தில் பொடிந்து அவர் கையோடு வந்துவிட்டது. படகு தண்ணீரில் இருந்திருந்தால் ஒன்றரை அங்குலத் துளை வழியாகக் கடல் உள்ளே பாய்ந்திருக்கும். அன்றே எல்லா வால்வுகளையும் மாற்ற முடிவு செய்தோம். டி.இசட்.ஆர். பித்தளை (துத்தநாகம் எளிதில் கரையாதது) அல்லது வெண்கலம் என்று கேட்டு வாங்குங்கள், வெறும் 'பிராஸ்' வேண்டாம். வால்வு உடைந்தால் துளையை அடைக்க, ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதே அளவு மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய்களுக்கு இரட்டைக் கிளாம்பு போடுங்கள்.

அடுத்து சுக்கான். இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தடதடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கு தேய்ந்திருக்கிறது. சுக்கான் இலையின் அடியில் சிறு துளை போட்டால் பழுப்பு நீர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங் கேபிள் அறுந்தால் பயன்படும் அவசரச் சுக்கான் பிடியை ஒரு முறையாவது மாட்டி, உண்மையிலேயே திருப்பிப் பாருங்கள். பல படகுகளில் அது பெட்டிக்குள் பளபளவென்று கிடக்கும், மாட்டினால் சக்கரத்தில் இடிக்கும்.

5. பாய்மரம், கம்பிகள், பாய்கள்

பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளின் ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டு என்றுதான் ரிக்கர்களும் (பாய்மரம், கம்பி வேலை செய்பவர்கள்) காப்பீட்டாரும் கணக்கிடுகிறார்கள். எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் பழையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 38 அடி படகுக்கு முழுதாக மாற்றச் சுமார் 5,000 முதல் 10,000 அமெரிக்க டாலர் ஆகலாம். பெரிய தொகைதான். ஆனால் மொத்தச் செலவில் குறைக்கக் கூடாத இடங்களில் இது முதலாவது.

கம்பி நடுவில் அறுவது அபூர்வம். அழுத்தி இணைத்த முனையின் உள்ளே, உப்புநீர் தேங்கும் இடத்தில்தான் ஒரு இழை முதலில் போகும். வெப்பநாட்டுக் கடலில் இது இன்னும் வேகம். விரல் வைத்துத் தடவாதீர்கள், சதை கிழியும். பழைய துணியால் துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. கம்பிகள் படகின் உடலில் பிணையும் தகடுகளை, முக்கியமாக அவை மேல்தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் அந்த மறைவான இரண்டு அங்குலத்தை, கழற்றித்தான் பார்க்க முடியும். சர்வேயர் அதைக் கழற்ற மாட்டார். நீங்கள் கழற்றுங்கள்.

பாய்களில், பிரதானப் பாய்க்கு மூன்றாவது சுருக்கு (காற்று வலுத்தால் பாயை இன்னும் ஒரு படி சிறிதாக்கும் வசதி) கட்டாயம். இரண்டு சுருக்கோடு வரும் படகை நெடுங்கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். தையல் நூல் வெயிலில் மட்கியிருக்கும், நகத்தால் கீறினால் உதிரும். பாய் துணி நன்றாக இருந்தால் மறுதையல் போதும், புதுப் பாய் வேண்டாம். புயல்பாயை ஒரு தடவையாவது துறையிலேயே ஏற்றிப் பாருங்கள்.

பெரிய வெட்டுக்கருவி ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாய்மரம் முறிந்து விழுந்தால், கம்பிகளை வெட்டிவிடாவிட்டால் அது படகின் வயிற்றில் குத்திக்கொண்டே இருக்கும். உங்கள் கம்பியின் தடிமனை அந்தக் கருவி வெட்டுகிறதா என்று கழற்றிப்போட்ட பழைய கம்பித் துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

6. எஞ்சின், டீசல், மின்சாரம்

40 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 3 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். 200 லிட்டர் தொட்டி 65 மணி நேரம் வரும், அதாவது 330 மைல். முழுப் பாதையில் கால்பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சுமத்ராவின் வடமுனையைத் தாண்டும்வரை காற்று குறைவாக இருப்பது வழக்கம், அங்கேயே எல்லா டீசலையும் எரித்துவிடாதீர்கள். கூடுதல் டீசல் கேன்களை மேல்தளத்தின் ஓரக் கம்பித்தூண்களில் கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு பெரிய அலை கேனையும் தூணையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். அவற்றை உட்புறமாக, பாய்மரத்தின் அடியில் கட்டுங்கள்.

பழைய தொட்டியின் அடியில் தண்ணீரும் கருப்புச் சகதியும் இருக்கும். அமைதியான நீரில் அது அசையாது. முதல் பெரிய அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் தேவைப்படும் நேரமும் அதுதான். ஆகவே தொட்டியின் மூடியைத் திறந்து, அடிவரை உறிஞ்சி, துடையுங்கள். ஃபில்டர் ஆறு, குளிர்நீர் இம்பெல்லர் மூன்று, பெல்ட் இரண்டு, எஞ்சின் ஆயில் இரண்டு மாற்றலுக்கு. இவை உதிரிபாகப் பெட்டியில் இருந்தால் போதும். லங்காவியில் பாகங்களுக்குத் தீர்வை இல்லை என்றாலும் வெளிநாட்டுப் பார்சல் வந்து சேரும் நாளை யாராலும் சொல்ல முடியாது, முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள்.

தானியங்கிச் சுக்கான், ஃபிரிட்ஜ், கருவிகள், விளக்குகள் சேர்ந்து ஒரு நாளைக்கு 12 வோல்ட்டில் 100 முதல் 150 ஆம்பியர்-மணி எடுக்கும். 400 வாட் சோலார் நம் வெயிலில் அதை ஏறத்தாழ ஈடுகட்டும். இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் காற்றால் இயங்கும் சுயச் சுக்கான் கருவி ஒன்றைப் பொருத்துவது பற்றி யோசியுங்கள். மின்சாரச் சுக்கான் நடுவழியில் செத்தால், பத்து நாள் கையால் சுக்கான் பிடிக்க இரண்டு பேரால் முடியாது. லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே தகுந்த ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள்.

7. உயிர்காப்புக் கருவிகள்

பாய்மரப் படகுப் பந்தயங்களுக்கான உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் வெளியிடும் நெடுங்கடல் சிறப்பு விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பந்தயத்துக்காக எழுதப்பட்டவைதான். ஆனாலும் முதலாம் வகைக்கான பட்டியலை எடுத்து உங்கள் படகோடு ஒப்பிட்டால் எது இல்லை என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். நான் வலியுறுத்த விரும்புவது சிலவற்றை மட்டும்.

உயிர்காப்பு மிதவை. பழைய படகோடு வரும் மிதவையின் பெட்டி வெள்ளையாக அழகாக இருக்கும். சர்வீஸ் தேதி ஒட்டுத்தாளில் மங்கியிருக்கும். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நாங்கள் நின்றோம். காற்றடித்துச் சற்று நேரத்தில் தரைப்பகுதியின் ஒட்டு ஒரு முழ நீளத்துக்குச் சத்தமில்லாமல் பிரிந்துகொண்டே வந்தது. உள்ளே இருந்த கைவிளக்கின் பேட்டரி கசிந்து, முதலுதவிப் பையோடு ஒட்டிக் கிடந்தது. புதிது வாங்க வேண்டியதாயிற்று. நான்கு பேருக்கான நெடுங்கடல் மிதவை சுமார் 1,500 முதல் 3,000 டாலர். தானாக விடுவிக்கும் நீரழுத்தக் கருவி பொருத்தியிருந்தால் அதற்கு இரண்டு ஆண்டு ஆயுள்தான்.

மிதவை இருக்கிறதே என்று படகை விட்டுவிடவும் கூடாது. 1979-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயம் புயலில் சிக்கியபோது கைவிடப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை பின்னர் மிதந்த நிலையிலேயே கிடைத்தன. படகு காலுக்குக் கீழே முழுகும்வரை படகில்தான் இருக்க வேண்டும்.

ஈபர்ப். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இடத்தை அனுப்பும். குறைந்தது 48 மணி நேரம் இயங்கும். விலை சுமார் 400 முதல் 800 டாலர். வாங்கியதும் உங்கள் கொடி நாட்டில் பதிவு செய்யுங்கள். கரையில் எந்நேரமும் ஃபோன் எடுக்கக்கூடிய இருவரின் எண்ணைக் கொடுங்கள். 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பில் அடிபட்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியை, தென் இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் 'ஒசிரிஸ்' மீட்க மூன்று நாள் ஆயிற்று. உலகமே அவர் இருக்கும் இடத்தைத் தெரிந்துவைத்திருந்தும் மூன்று நாள். பொத்தானை அழுத்தியதும் ஹெலிகாப்டர் வரும் என்று நினைக்காதீர்கள். நடுக்கடலில் உங்களை நோக்கி வருவது அந்த வழியாகப் போகும் ஒரு சரக்குக் கப்பலாகத்தான் இருக்கும்.

உடலைப் படகோடு பிணைக்கும் கயிறு. இதில் நான் கண்டிப்பானவன். இரவில் தனியாகக் காவலிருப்பவர், காற்றில்லாத இரவிலும், பிணைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மேல்தளத்தில் முன்னிருந்து பின்வரை தட்டை நாடா ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் கொக்கியை மாட்ட வேண்டும். ஓரக் கம்பியில் மாட்டக் கூடாது. 2017 நவம்பரில் கிளிப்பர் உலகப் பந்தயத்தின் படகு ஒன்றில், கொக்கி ஒரு கயிறுகட்டியின் அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டதால் வளைந்து விடுபட்டு, கடலில் விழுந்தவர் இறந்தார். நாடா எந்தக் கயிறுகட்டியின் பக்கத்திலும் உரசாமல் போகிறதா என்று கையால் கொக்கியை இழுத்துக்கொண்டே முழு நீளமும் நடந்து பாருங்கள். வெயிலில் வெளிறிய நாடாவைத் தூக்கி எறியுங்கள்.

8. தொடர்பும் வானிலையும்

செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவி ஒன்று இருந்தால் நாளுக்கு ஒரு முறை வானிலை பெறலாம், வீட்டுக்குச் சேதி சொல்லலாம். ஆனால் ஒரு கடுமையான எச்சரிக்கை: போர்ட் பிளேயர், கொச்சி என்று இந்தியத் துறை எதிலாவது இறங்கும் எண்ணம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் ஃபோன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் சிறு கருவியோடு வந்த வெளிநாட்டவர்களும் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் வழியாக முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் தெரியும் கிரேட் நிக்கோபார் பக்கம் அனுமதி இல்லாமல் ஒதுங்கவும் கூடாது.

9. தண்ணீர், சாப்பாடு, மருந்து

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். பயணம் 10 நாள் என்றால் 20 நாளுக்கு ஏற்றுங்கள். இருவருக்கு 160 லிட்டர். ஒரே தொட்டியில் வேண்டாம், ஒரு குழாய் கசிந்தால் எல்லாம் போய்விடும். பாதியைக் கேன்களில் வையுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் இருந்தாலும் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, அவல் எல்லாம் ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும். குக்கர் மூடி பூட்டியிருப்பதால் படகு ஆடினாலும் கொதிநீர் மேலே கொட்டாது, கேஸும் மிச்சம். முதல் மூன்று நாளுக்குச் சமைத்தே கொண்டுபோங்கள், அந்த நாட்களில் யாருக்கும் அடுப்பின் முன் நிற்க முடியாது. கடைச் சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைப் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டைகள் அட்டை மடிப்புக்குள்தான் வரும்.

கடல்மயக்க மாத்திரையை முந்தின இரவே தொடங்க வேண்டும். வாந்தி வந்த பிறகு பயனில்லை. சின்னாரிசின், மெக்லிசின் போன்றவற்றில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேட்டு, கரையிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நிறைய வேண்டும். மருந்துப் பெட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் மருத்துவர் சீட்டும், தட்டச்சு செய்த பட்டியலும் வேண்டும். சுங்கத்தில் கேட்பார்கள்.

10. இரவோடு ஒரு சோதனை ஓட்டம்

எல்லா வேலையும் முடிந்தபின், சாமான்களை முழுதாக ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 60 மைல் தள்ளியிருக்கும் பினாங்குக்கு ஓர் இரவு ஓட்டம் போய் வாருங்கள். மூன்று மணி நேரக் காவல் முறை, இருட்டில் பாய் சுருக்குவது, ஏ.ஐ.எஸ். எச்சரிக்கை மணி, எல்லாவற்றையும் உண்மையில் செய்துபாருங்கள். விளக்கில்லாத மீன்பிடிப் படகுகளையும் வலைகளையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். சுமத்ராவின் ஆச்சே கடற்கரைக்கு அப்பால் மீனவர்கள் மீன் சேர நிறுத்தும் மிதவைகள் இருக்கும், அவற்றில் விளக்கும் இருக்காது. சோதனைக்கும் புறப்பாட்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள், கண்டுபிடித்ததைச் சரிசெய்ய அந்த நேரம் தேவைப்படும்.

11. வெளியேறும் முத்திரையும் காலியில் நுழைவும்

லங்காவியில் துறைமுக அதிகாரி, சுங்கம், குடிநுழைவு மூன்று இடத்திலும் முத்திரை வேண்டும். குவா படகுத்துறையிலோ தெலாகாவிலோ செய்யலாம். லங்காவி அடங்கிய கெடா மாநிலத்தில் வாராந்தர அரசு விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். புறப்படும் நாளுக்கு முன்பே வேலை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் கையில் கிடைக்கும் துறை விடுவிப்புச் சான்றின் மூலப் பிரதி இல்லாமல் அடுத்த நாட்டில் நுழைய முடியாது. அதில் அடுத்த துறைமுகம் காலி என்று சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கவுண்ட்டரை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: பதிவுச் சான்று, காப்பீடு, வானொலி உரிமம், பாஸ்போர்ட்டுகள் (ஆறு மாதமாவது செல்ல வேண்டும்), இலங்கை ஈ.டி.ஏ. விசா (இணையத்தில் வாங்கும் பயண அனுமதி), ஆட்களின் பட்டியல், மருந்து, மது, உணவுப் பொருள்களின் பட்டியல். பட்டியல்களில் பத்துப் பிரதிகளாவது வேண்டும். படகின் பெயரோடு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொள்ளுங்கள், சில ரிங்கிட்தான், அலுவலகங்களில் அதற்குத் தனி மதிப்பு. உங்களோடு சேர விமானத்தில் வரும் ஆளுக்குத் திரும்பும் டிக்கெட் இருக்காது. படகுத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

காலியில் ஏஜென்ட் வழியாகத்தான் நுழைய முடியும். புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே இரண்டு மூன்று பேரிடம் கட்டணம் கேட்டு எழுதுங்கள். துறைமுகக் கட்டணம் அதில் அடங்குமா, எத்தனை நாளுக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில நூறு டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இலங்கையின் தென்கிழக்கை நெருங்கும்போது களைப்பு உச்சத்தில் இருக்கும், ஆபத்தும் அங்கேதான் அதிகம். தீவின் தென்முனையான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, கிழக்கிலும் மேற்கிலும் போகும் பெருங்கப்பல்களுக்கென்று பிரித்த தடம் இருக்கிறது. கரைக்கும் அந்தத் தடத்துக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் இருக்கும். அந்த இரவில் இருவரும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தூங்குங்கள், யாரும் மூன்று மணி நேரம் தனியாக உட்கார வேண்டாம். காலியை இருட்டில் அடைவதாகத் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, விடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள். வெளிச்சம் வந்ததும் வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசையில் காலித் துறைமுகக் கட்டுப்பாட்டை அழையுங்கள். கடற்படையினர் வந்து சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள், அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். துறைமுகத்துக்குள்ளும் அலையேற்றம் வரும், ஆகவே கட்டும் கயிறுகள் உராயும் ஒவ்வொரு இடத்திலும் பழைய ரப்பர் குழாயை மாட்டிவிட்டு, அப்புறம் தூங்கப் போங்கள்.